பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப்: 16, 11, 8 கிலோவாட் என்று மூன்று கொட்டேஷன், எதை எடுப்பது?

மாடிவீடு:

வணக்கம் நண்பர்களே. வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் பாய்லருக்கு வயதாகிவிட்டது, இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பது சந்தேகம்தான். மறுபடியும் பாய்லரே வாங்காமல், வெளிக்காற்றின் வெப்பத்தைக் கரண்டால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் போட்டுவிடலாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவெடுத்தோம். முடிவெடுத்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

வீட்டு விவரம் சொல்லிவிடுகிறேன். கீழும் மேலுமாக 140 சதுர மீட்டர். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் அம்மா. சுவர்களில் இன்சுலேஷன் நிரப்பியிருக்கிறது, கூரைக்கு அடியில் இருப்பது மெல்லிசு. ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி. சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்பது. அம்மாவின் அறை கீழே, வெயில் படாத மூலையில் இருக்கிறது. வீட்டிலேயே அதுதான் சில்லென்ற அறை. போன வருடம் காஸ் பில்லில் மொத்தம் 18,000 யூனிட், அதாவது கிலோவாட்-மணி. குளிக்கும் வெந்நீரும் அதற்குள் அடக்கம். கடுங்குளிர் இரவில் மைனஸ் 6 வரை இறங்கும்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர் வீட்டின் பரப்பளவைக் கேட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே 16 கிலோவாட் என்றார். ரேடியேட்டரைத் தொட வேண்டாம், பெரிய மெஷின் போட்டால் கவலையில்லை என்றார். இரண்டாமவர் 11 கிலோவாட், தண்ணீரை 65 டிகிரிக்குக் கொண்டுபோகும் மாடல், அதனால் ரேடியேட்டர் மாற்ற வேண்டாம் என்கிறார். மூன்றாமவர் டேப் எடுத்து ஒவ்வொரு அறையாக அளந்தார், ஜன்னலைக்கூட விடவில்லை. அவர் சொல்வது 8 கிலோவாட், கூடவே ஐந்து ரேடியேட்டர் மாற்ற வேண்டும்.

விலையில்தான் புரியவில்லை. மெஷின் சின்னதாக இருந்தும் மூன்றாவது கொட்டேஷன் இரண்டாவதற்குச் சமமாக வருகிறது, முதலாவதை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். சின்ன மெஷினுக்கு ஏன் இவ்வளவு? கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது, எதை ஒத்திப்போடுவது? மாதாமாதம் பில் என்ன ஆகும்? அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அதுதான் என் பெரிய பயம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

குழாய்வேலை:

ஐயா, வீடுகளுக்கு ஹீட்டிங் பைப் வேலை செய்வதுதான் என் தொழில். பாய்லரும் நிறையப் போட்டிருக்கிறேன், இப்போது பெரும்பாலும் ஹீட் பம்ப்தான். உங்கள் கேள்வியில் மெஷின் அளவைப் பற்றியே எல்லாரும் பேசியிருக்கிறார்கள். நான் வேறொன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: கடுங்குளிர் நாளில் உங்கள் ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தால் வீடு சூடாக இருக்கும்? இந்த ஓர் எண் கிடைத்துவிட்டால் மெஷின், ரேடியேட்டர், மாதச் செலவு மூன்றும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே மேலேற்றுகிறது. குறைந்த உயரத்துக்கு ஏற்றினால் குறைந்த கரண்ட், அதிக உயரம் என்றால் அதிகக் கரண்ட். வெளியே 2 டிகிரி இருக்கும்போது தண்ணீர் 35 டிகிரி போதும் என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு நாலு யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். 45 என்றால் மூன்றுக்குச் சற்று மேல். 55 என்றால் இரண்டரை சொச்சம். தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தாலே கரண்டில் இரண்டு, இரண்டரை சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் சொல்லும் 65 டிகிரி மாடல் பொய்யில்லை, அது நிச்சயம் வேலை செய்யும். ஆனால் குளிர்காலம் முழுக்க அந்தச் சூட்டில் ஓட்டினால் பில் கட்டப்போவது நீங்கள்.

இப்போது அளவு. 18,000 யூனிட் காஸில் பழைய பாய்லர் 88 சதவீதம் வீட்டுக்குக் கொடுத்தது என்று வைத்தால், கிடைத்த வெப்பம் 15,800 சொச்சம். ஐந்து பேரின் வெந்நீருக்கு 3,000 கழியுங்கள். மிச்சம் 12,800. இதை 2,000 மணி நேரத்தால் வகுப்பது எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. 6.4 கிலோவாட் வருகிறது. உங்கள் வீடு போன வருடம் தின்ற காஸே சொல்கிறது, 16 கிலோவாட்டுக்கு அங்கே வேலையே இல்லை என்று.

பெரிதாக இருந்தால் என்ன குறை என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதனால் அவதிப்படும் வீடுகளை நேரில் பார்க்கிறேன். மெஷினுக்குள் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போகாது. 16 கிலோவாட் மெஷின் பல மாடல்களில் 5 கிலோவாட் பக்கத்திலேயே நின்றுவிடும். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் உங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். அப்போது என்ன நடக்கும்? ஒரு வீட்டில் வெளிப்பெட்டி, அதாவது ஹீட் பம்பின் வெளியே வைக்கும் பெட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, கம்ப்ரஸர் உறுமியது, பைப்பில் கை வைத்தால் சூடு ஏறுகிறது, ஏழெட்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. நாள் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கரண்ட் வீண், கம்ப்ரஸரின் ஆயுளும் குறைகிறது. அந்த வீட்டம்மா மெஷின் மட்டம் என்று நினைத்திருந்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மூன்றாமவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனாலும் என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டையே கேட்டுவிடலாம். பழைய பாய்லர் இன்னும் ஓடுகிறது அல்லவா? அது போவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நல்ல குளிர் நாள் ஒன்றில் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டை 50 டிகிரிக்குக் குறையுங்கள். டைமரை நிறுத்திவிட்டு நாள் முழுக்க ஓடவிடுங்கள், ரேடியேட்டர் வால்வு எல்லாம் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு அறையிலும் சின்னத் தெர்மாமீட்டர் வைத்து எழுதுங்கள். முடிந்தால் அடுத்த நாள் 45. கூடவே காஸ் மீட்டரை ஒரே நேரத்தில் இரண்டு நாளும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் கன மீட்டரில் காட்டினால் ஒன்றுக்குச் சுமார் பத்தரை, பதினொரு யூனிட், சரியான எண் உங்கள் பில்லில் இருக்கும். இந்த இரண்டு தகவலோடு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

இரட்டைக்கதவு:

தொழில்காரர் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஹீட் பம்ப் போட்ட வீட்டில் குடியிருப்பவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன் அண்ணா.

வெந்நீர் டேங்கை யாரும் பேசவில்லை. உங்கள் பாய்லர் குழாயைத் திறந்ததும் சுட வைத்துத் தரும் வகையாக இருந்தால், இனி அது கிடையாது. டேங்க் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். ஐந்து பேருக்கு 250, 300 லிட்டர் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அலமாரி ஒன்றைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அந்த டேங்க் 50 டிகிரிக்கு ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது, அந்த நேரம் ரேடியேட்டருக்குச் சூடு போகாது. நாங்கள் அதை மதியத்தில் வைத்துவிட்டோம், யாருக்கும் தெரிவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை கிருமிக்காக 60 டிகிரிக்கு ஏற்றிக்கொள்ளும்.

அடுத்தது சூட்டின் விதம். ரேடியேட்டரில் கை வைத்தால் சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். என் மாமியார் முதலில் இது வேலை செய்யவில்லை என்றே சொன்னார். ஆனால் அறை ராப்பகலாக 20 டிகிரியிலேயே நிற்கிறது. காலையில் எழுந்து நடுங்கிக்கொண்டு பாய்லர் ஆன் ஆகக் காத்திருந்த காலம் போயிற்று. உங்கள் அம்மாவுக்கு அதுதான் உண்மையில் நல்லது என்று நினைக்கிறேன்.

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதை நீங்களே முன்னால் நின்று முடிவு செய்யுங்கள். ஈரமான குளிரில் அதன் பின்பக்கம் வெள்ளையாகப் பனி பிடிக்கும், மெஷின் கொஞ்ச நேரம் திருப்பி ஓடி அதை உருக்கும். பெட்டியிலிருந்து புஸ்ஸென்று ஆவி எழும், பயப்பட வேண்டாம். உருகிய தண்ணீர் நிறைய வரும். அது நடைபாதையில் வழிந்தால் இரவில் கண்ணாடி போல உறைந்துவிடும். வயதானவர்கள் நடக்கும் வழி என்றால் கட்டாயம் தண்ணீர் இறங்கிப் போக ஜல்லிக்குழி கேளுங்கள். எங்கள் கொட்டேஷனில் அது இல்லை, கேட்டு வாங்கினோம்.

மூலைக்கடை:

இவ்வளவு சிரமம் எதற்கு? சூடும் தரும் ஸ்ப்ளிட் ஏசியை ஹாலிலும் இரண்டு அறையிலும் மாட்டினால் வேலை முடிந்தது. செலவு பாதிகூட ஆகாது. அதுவும் ஹீட் பம்ப்தானே? இல்லையென்றால் பூமிக்குள் பைப் இறக்கும் வகைக்குப் போங்கள், அதுதான் உசத்தி என்று படித்தேன். இந்தக் காற்று வகையெல்லாம் புதிது, கடுங்குளிரில் எவ்வளவு நம்பலாமோ.

குழாய்வேலை:

ஏசி வகை பற்றி நீங்கள் சொன்னது சரிதான், அதுவும் ஹீட் பம்ப்தான், நன்றாகவே வேலை செய்யும். ரேடியேட்டரே இல்லாத வீடு, சின்ன ஃபிளாட், திறந்த ஹால் உள்ள வீடு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். மாடிவீடு அவர்களின் வீட்டில் பைப்பும் ரேடியேட்டரும் ஏற்கெனவே இருக்கின்றன, அறைகள் கதவு போட்டுத் தனித்தனியாக இருக்கின்றன, வெந்நீருக்கும் வழி வேண்டும். ஏசி போட்டால் அறைக்கு ஒன்று வேண்டியிருக்கும், வெந்நீருக்குத் தனி ஏற்பாடு, அப்புறம் அம்மாவின் தலைக்கு மேல் காற்று வீசிக்கொண்டே இருக்கும்.

பூமி வகையில் மண்ணின் சூடு வருடம் முழுக்க அதிகம் மாறாது, அதனால் குளிர்காலத்தில் அது கரண்டைக் குறைவாகத்தான் தின்னும். ஆனால் துளை போடும் செலவு தனி, இடமும் வேண்டும். 6, 7 கிலோவாட் வீட்டில் அந்த அதிகச் செலவு மிச்சமாகும் கரண்டில் திரும்பி வருவது கஷ்டம். அதே பணத்தில் கூரை இன்சுலேஷனும் ரேடியேட்டரும் போட்டுவிடலாம்.

புதிது என்ற பயம் வேண்டாம். சூரிச் நகரசபைக் கட்டடத்துக்கு 1938லேயே ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போட்டார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் இதே வேலையைத்தான் செய்கிறது. மைனஸ் 6 எல்லாம் இன்றைய மெஷினுக்கு ஒரு குளிரே இல்லை.

மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. குழாய்வேலை சொன்ன சோதனையைச் செய்துவிட்டேன், அதற்கேற்ற குளிரும் அமைந்தது. அந்த ஒரு நாளின் சராசரி மைனஸ் 2.

தண்ணீரை 50 டிகிரியில் வைத்தபோது ஹால், சமையலறை, எங்கள் அறை எல்லாம் 20 தொட்டது. பையனின் அறை 18.5. அம்மாவின் அறை மட்டும் 17. அடுத்த நாளும் அதே குளிர், தண்ணீரை 45க்குக் குறைத்தேன். ஹால் 19, மற்றவை ஒரு டிகிரி கீழே, அம்மாவின் அறை 15.5. அன்று இரவே மேலே ஏற்றிவிட்டேன். 50 டிகிரி வைத்த நாளில் மீட்டர் காட்டிய காஸ், பில்லில் உள்ள எண்ணால் பெருக்கினால் 170 யூனிட்.

அம்மாவின் அறையில் இருப்பது ஒற்றைத் தகடு ரேடியேட்டர், 60 செ.மீ உயரம், 110 செ.மீ நீளம். அந்த அறைக்குக் கடுங்குளிரில் 800 வாட் வேண்டும் என்று மூன்றாமவரின் தாளில் எழுதியிருக்கிறது.

குழாய்வேலை:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். இனி கணக்கு உங்களுடையது, யார் வந்து என்ன சொன்னாலும் இதை நீட்டலாம்.

170 யூனிட்டில் 88 சதவீதம் 150. வெந்நீருக்கு 9 கழித்தால் 141. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 5.9 கிலோவாட். உள்ளே 20, வெளியே மைனஸ் 2, வித்தியாசம் 22 டிகிரி. மைனஸ் 6 என்றால் வித்தியாசம் 26. அப்படியே ஏற்றினால் 6.9 கிலோவாட் வருகிறது. இரண்டு அறை 20ஐத் தொடவில்லை என்பதால் 7 என்றே வைத்துக்கொள்வோம். வருடக் காஸில் போட்ட தோராயமும் பக்கத்திலேயே நிற்கிறது, ஆக மூன்றாமவர் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 8 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்ற சுலபமான நிலையில் தருவது. குளிர் ஏற ஏற அது குறையும், சில மாடலில் கொஞ்சம், சில மாடலில் நன்றாகவே. மைனஸ் 7ல், தண்ணீர் 45லும் 55லும் எத்தனை கிலோவாட் தரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், எல்லாத் தயாரிப்பாளரும் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 7 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முடிந்தது கதை. அதே அட்டவணையில் மிகக் குறைந்த அளவு எத்தனை என்றும் பாருங்கள், 2.5க்குக் கீழே போனால் நல்லது.

அடுத்தது உங்கள் அம்மாவின் அறை. அந்த அறைதான் இந்த வீட்டின் கரண்ட் பில்லை எழுதப்போகிறது. எட்டு அறைக்கு 45 போதும் என்றாலும், ஓர் அறை 58 கேட்டால் வீடு முழுக்க 58 டிகிரியில் தண்ணீர் ஓட வேண்டும். ரேடியேட்டர் மேல் எழுதியிருக்கும் வாட், தண்ணீர் 75க்குப் போய் 65க்குத் திரும்பும் பாய்லர் கணக்கு. தண்ணீர் 45க்குப் போய் 40க்குத் திரும்பினால் அதில் 35 சதவீதம்தான் கிடைக்கும். அம்மாவின் அறையில் இருக்கும் ஒற்றைத் தகடு எழுத்தில் 1,100 வாட் பக்கம் இருக்கும், 45ல் தருவது 390. வேண்டியதோ 800. அப்படியானால் எழுத்தில் 2,250 வாட் உள்ளது வேண்டும். இரட்டைத் தகடு, நடுவில் இரண்டு வரிசை மடிப்பு உள்ளதை அதே 60 செ.மீ உயரத்தில் 130 செ.மீ நீளம் எடுத்தால் ஏறத்தாழ வந்துவிடும். 20 செ.மீதான் நீளம் கூடுகிறது. தடிமன் 10 செ.மீ ஆகும், கட்டில் சுவரை ஒட்டி இருந்தால் சற்று நகர்த்துங்கள்.

இப்போது, சின்ன மெஷினுக்கு ஏன் இவ்வளவு விலை என்ற உங்கள் கேள்வி. நீங்கள் அங்கே வாங்குவது மெஷினை மட்டுமல்ல, 45 டிகிரியில் சூடாகும் வீட்டை. மதிப்பைக் கரண்டிலேயே சொல்கிறேன். உங்களுக்கு வருடத்துக்கு வெந்நீரோடு 15,800 யூனிட் வெப்பம் வேண்டும். ரேடியேட்டரை விட்டுவிட்டுச் சூடான தண்ணீரில் ஓட்டினால் வருடச் சராசரி 2.7 மடங்கு வருகிறது என்று வையுங்கள், கரண்ட் 5,850. ரேடியேட்டர் மாற்றி 3.5 மடங்கு வந்தால் 4,500. வருடத்துக்கு 1,350 யூனிட் வித்தியாசம். மெஷின் 15 வருடம் உழைத்தால் 20,000 யூனிட் தாண்டும். அந்த எண்ணை உங்கள் கரண்ட் விலையால் பெருக்கி, ஐந்து ரேடியேட்டரின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

காஸோடு ஒப்பிட வேறு கணக்கு. கரண்ட் யூனிட் விலையைக் காஸ் யூனிட் விலையால் வகுங்கள். 3.5 மடங்கு தரும் வீட்டில் விடை 4க்குக் கீழே இருந்தால் ஹீட் பம்ப் மலிவு. 2.7 மடங்கு என்றால் 3க்குக் கீழே இருந்தாக வேண்டும். இதில் விளிம்பில் நிற்பவர்களுக்கு ரேடியேட்டர்தான் லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிக்கிறது. அடுப்பையும் கரண்டுக்கு மாற்றிக் காஸ் இணைப்பையே எடுத்துவிட்டால் மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணமும் நின்றுவிடும், அதையும் சேருங்கள்.

பட்ஜெட் போடும்போது வெளிப்பெட்டி, டேங்க், ரேடியேட்டர் மூன்றும் எல்லாக் கொட்டேஷனிலும் இருக்கும். விட்டுப்போவது வேறு. மெயின் ஃபியூஸ் தாங்குமா, மெஷினுக்குத் தனி லைன் யார் இழுப்பது? பழைய பாய்லரையும் புகைக்குழாயையும் எடுத்துச் சுவரை அடைப்பது யார்? வெளிப்பெட்டிக்கு அடித்தளம், தங்கை சொன்ன ஜல்லிக்குழி, வெளியே ஓடும் பைப்புக்குத் தடித்த இன்சுலேஷன், வருடாந்திர சர்வீஸ். பைப்பைத்தான் முக்கியமாகக் கேளுங்கள். 8 கிலோவாட் வெப்பத்தை 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். பாய்லரில் 20 டிகிரி வித்தியாசத்தில் 6 லிட்டர் போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய பைப் ஓடினால் சில இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். தரையைத் திறக்கும் வேலை அது, நடுவில் தெரியவந்தால் பணமும் போகும், நிம்மதியும் போகும். இதற்காகவே மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் கையிருப்பாக ஒதுக்குங்கள். மானியம் உண்டென்றால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், பல இடங்களில் பின்னால் கேட்டால் கிடைப்பதில்லை.

மாடிவீடு:

இப்போதுதான் தெளிவாகிறது ஐயா. ஒரே ஒரு சந்தேகம். கூரை இன்சுலேஷனையும் சேர்த்தால் பணம் கொஞ்சம் இடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டால் எதை முதலில் செய்வது? 16 கிலோவாட் காரர் வேறு, பெரிய பஃபர் டேங்க், அதாவது மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சுடுதண்ணீரைத் தேக்கும் தொட்டி வைத்தால், மெஷின் அடிக்கடி அணைந்து கிளம்புவது இருக்காது என்று போனில் சொல்கிறார்.

குழாய்வேலை:

கூரை இன்சுலேஷன் முதலில். போடும் பணத்துக்கு இவ்வளவு பலன் தருவது இந்த வீட்டில் வேறெதுவும் இல்லை, மேலே பையனின் அறைக்கு உடனே தெரியும். அதன் பிறகு மெஷின், டேங்க், அம்மா அறையின் ரேடியேட்டர், இந்த மூன்றும் ஒரே வேலையாக நடக்கட்டும். பையனின் அறையை இன்சுலேஷன் போட்ட பிறகு மறுபடி அளந்து பாருங்கள், ஒருவேளை மாற்ற வேண்டியிராது. மிச்ச மூன்று ரேடியேட்டரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். அதுவரை கடுங்குளிர் நாளில் தண்ணீர் 50, 51 டிகிரி வரை போகும், மற்ற நாட்களில் கீழேதான் இருக்கும். அதற்கான வால்வுகளையும் பைப் அளவையும் இப்போதே சரியாகப் போட்டுவைக்கச் சொல்லுங்கள், பிறகு ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை.

மெஷின் அளவை மட்டும் பணத்துக்காகவோ பயத்துக்காகவோ மாற்றாதீர்கள். ரேடியேட்டரை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், கம்ப்ரஸரைச் சிறிதாக்க முடியாது.

பஃபர் டேங்க் மெஷின் அணைந்து கிளம்புவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், நிறுத்தாது. பெரும்பாலும் அதில் போகும் தண்ணீரும் திரும்பும் தண்ணீரும் கலந்துவிடும். மெஷின் 50ல் தந்தால் ரேடியேட்டருக்கு 46, 47 தான் போய்ச் சேரும், அந்த மூன்று டிகிரிக்கு நீங்கள் வருடம் முழுக்கக் கரண்ட் கட்டுவீர்கள். சரியான அளவு மெஷின், திறந்திருக்கும் ரேடியேட்டர்கள், நேரடியாக ஓடும் தண்ணீர், உங்கள் வீட்டுக்கு அது போதும்.

மெஷினுக்குள் வெப்பத்தைச் சுமக்கும் வாயு எது என்றும் கேளுங்கள். ஆர்-290 என்பது புரொப்பேன். பழைய ஆர்-410ஏ வெளியே கசிந்தால் கார்பன் டை ஆக்சைடை விட 2,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும், ஆர்-32 கிட்டத்தட்ட 675 மடங்கு, புரொப்பேன் வெறும் 3. வேண்டும்போது தண்ணீரை 70 வரைகூட ஏற்றும். ஆனால் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் ஜன்னல், சாக்கடைத் திறப்பு இவற்றிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் தூரம் விட்டுத்தான் வெளிப்பெட்டியை வைக்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலையிலும் வைக்க வேண்டாம், சத்தம் சுவரில் பட்டுப் பெரிதாகும்.

கையெழுத்துப் போடும் முன் மூன்றாமவரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள். மைனஸ் 6ல் தண்ணீர் எத்தனை டிகிரி என்று வைத்து வடிவமைத்திருக்கிறார் என்பது ஒன்று. வேலை முடிந்ததும் வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூடு தானாக ஏறி இறங்கும் செட்டிங்கை உங்கள் வீட்டுக்கென்று அமைத்து, குளிர் வந்த பிறகு ஒருமுறை திரும்பி வந்து சரிபார்ப்பார் என்பது இன்னொன்று. பல வீடுகளில் தொழிற்சாலையில் வைத்த செட்டிங்கிலேயே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, தேவையில்லாமல் 50, 55 டிகிரியில். அவர் வரும்போது நீங்களும் பக்கத்தில் நின்று எந்த மெனுவில் அது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்து, இரண்டு நாள் விட்டு, அம்மாவின் அறைத் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அது 20க்குக் கீழே இறங்கினால் ஒரு டிகிரி மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள்.